ஏழு வாளித் தண்ணீர்

யோகலட்சுமியின் வீட்டில் இருந்த பொருள்களில் பாதி அவளுடையவை அல்ல. கூடத்தில் நின்ற தையல் இயந்திரம் ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கையுடையது. மாடிப்படிக்குக் கீழே கிடந்த இரண்டு தகரப்பெட்டிகள் சித்தப்பா மகனுடையவை. லண்டனுக்குப் படிக்கப் போனவன் பெட்டியையும் மறந்துவிட்டான், அதைக் காவல் காக்கும் அக்காவையும் மறந்துவிட்டான். சமையலறைச் சுவரில் சாத்தியிருந்த சைக்கிள் கடைசித் தம்பி கனகசுந்தரத்துடையது. "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் அக்கா" என்று சொல்லித்தான் எல்லாரும் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று யோகலட்சுமி ஒருவரிடமும் கேட்டதில்லை. தாய் தகப்பன் போனபின் மூன்று பேரைக் கரையேற்றியவளுக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது. இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது?

காலை ஆறரைக்கு ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போவாள். சரக்கு ரயில் ஆபீசில் நாள் முழுக்கத் தட்டச்சு. மாலையில் மறுபடி ஃபெரி. பினாங்குக் கரையில் இறங்கி, ஆர்கைல் ரோட்டுக்குப் பின்னாலிருந்த தன் லோரோங்குக்கு, அந்தக் குறுகிய சந்துக்கு, நடந்து வந்து சேரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கென்று அவள் எடுத்துக்கொண்டது அந்தப் பத்து நிமிடம்தான்.

பக்கத்து வீடு ஹபீபா பீவியுடையது. இரண்டு வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதில் இடுப்பு உயரத்தில் இரண்டு செங்கல் பெயர்ந்து ஒரு பொந்து. அதை அடைக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பொந்து வழியே இடியாப்பம் அந்தப் பக்கம் போயிற்று, மீன் குழம்பு இந்தப் பக்கம் வந்தது. யோகலட்சுமி வெள்ளிக்கிழமை சைவம். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பீவி மறந்துபோய் மீனை நீட்டியதில்லை. நோன்பு மாதத்தில் பகல் நேரத்தில் யோகலட்சுமி தாளிப்புச் சட்டியை அடுப்பில் வைத்ததில்லை, வாசனை சுவர் தாண்டிப் போகும் என்று. ஒருவர் வீட்டு வழக்கம் இன்னொருவருக்கு அத்துப்படி.

பீவிக்கு ஒரு பூனை இருந்தது. பெயர் துரை. செம்பட்டை நிறம், குட்டை வால், பதினோரு வயது, நடக்கும்போது யாரையும் திரும்பிப் பார்க்காத மிடுக்கு. கணவர் இறந்தபின் பீவிக்குப் பேச்சுத் துணை துரைதான். மகன் காஜா மொய்தீனின் மனைவி ரொஸ்னாவுக்கு இளைப்பு, பூனை மயிர் ஆகாது. அதனால்தான் பீவி மகன் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே தனியாகக் கிடந்தாள் என்று லோரோங்கில் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் பீவிக்கு ஹஜ்ஜுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. போக வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் துரையைக் கூடையில் வைத்துக்கொண்டு, பொந்து வழியாக நீட்டாமல், வாசல் வழியாகவே வந்தாள்.

"யோகம், மத்த சாமானா இருந்தா காஜாகிட்ட குடுத்துட்டுப் போயிருவேன். இது உசுரு. உங்கிட்ட அமானிதமா குடுக்குறேன். நான் வர்ற வரைக்கும் உசுரோட வச்சிரு, அது போதும்லா."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைக்கும் பொருள், அதற்குக் கணக்கு மேலே உண்டு என்பது யோகலட்சுமிக்குத் தெரியும். "நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க அக்கா" என்றாள். மறுநாள் துறைமுகத்தில் ஊரே திரண்டு நின்று அழுதபோது, அவளும் கூட்டத்தில் நின்று கையசைத்தாள். கப்பல் மேல்தட்டில் வெள்ளை முக்காடு போட்ட நூறு பேரில் பீவி யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கனகசுந்தரம் வந்தான். கையில் பால் டின் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஏதோ சிணுங்கியது.

"கூச்சிங்குக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிருச்சு அக்கா. பிளேன்ல இத எப்படிக் கொண்டு போறது? கொஞ்ச நாளைக்குதான்லா."

கறுப்பு நாய்க்குட்டி, மூன்று மாதம் இருக்கும், நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு. பெயர் ஜிம்மி. "இங்க பூனை இருக்குடா தம்பி" என்றாள் யோகலட்சுமி. "பழகிரும் அக்கா" என்றான் தம்பி, விமானத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நாய் வளர்ப்பதைப் பற்றி அவன் சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான்.

பழகியது. எப்படியென்றால், முதல் நாளே துரையின் பின்னங்காலைப் பிடித்து ஜிம்மி தரதரவென்று இழுத்தது. துரை திரும்பி மூக்கில் ஒரு கீறு கீறிவிட்டு அலமாரி மேல் ஏறியது. இரண்டு நாள் இறங்கவில்லை. யோகலட்சுமி நாற்காலி போட்டு ஏறி மேலேயே தட்டை வைக்கவேண்டியிருந்தது. ஜிம்மிக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அதற்கு எல்லாமே விளையாட்டு. ஆனால் குட்டிப் பல் ஊசி மாதிரி இருக்கும், துரைக்கோ வயதாகிவிட்டது, ஒரு பக்கம் பல்லே கிடையாது. ஒருநாள் ஃபெரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் பூனை செத்துக் கிடக்குமோ என்று பயந்தாள். பீவி கப்பலிலிருந்து இறங்கி வந்து "எங்கலா என் துரை?" என்று கேட்டால் என்ன சொல்வது? கனவிலும் அந்தக் கேள்வியே வந்தது.

ஆபீசில் சாக்கு மூட்டைகளை எடை போடும் சுப்பையா தாசேக் கெலுகோரிலிருந்து தினம் வந்துபோகிறவர். தோட்டத்து வீட்டில் ஐந்து நாய் வைத்திருந்தார். அவரிடம் கேட்டாள்.

"அடிக்காதீங்க" என்றார் சுப்பையா. "அடிச்சா பூனை பக்கம் வந்தாலே அடி விழும்னு நெனச்சிக்கிட்டு இன்னும் மூர்க்கமாயிரும். கயித்துல கட்டிப் பக்கத்துல உக்காருங்க. பாஞ்சா உடனே தூக்கிக் குளியலறையில விட்டுக் கதவ சாத்துங்க. ஒரு நிமிஷம். அப்புறம் கொண்டாந்து விடுங்க. சும்மா இருந்தா வாயில எதையாவது போடுங்க. நாய்க்கு வெளையாட்டு நின்னு போறதவிட பெரிய தண்டனை கெடையாது."

"எத்தன நாளாகும்?"

"அது உங்க பொறுமைய பொறுத்தது."

பொறுமை என்று எல்லாரும் அவளுக்குப் பெயர் வைத்திருந்தது வெறும் களைப்புதான் என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தாள். தரையில் உட்காரும் அந்தப் பத்து நிமிடம் போயிற்று. மாலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் வறுத்த நெத்திலிக் கிண்ணம். துரை அலமாரி மேலிருந்து பார்க்கும். ஜிம்மி பாயும். தூக்கிக்கொண்டு குளியலறை. ஒரு நிமிடம். திரும்ப வரும். பாயும். குளியலறை. ஒரே மாலையில் இருபத்தாறு தடவை நடந்தாள். இருபத்தேழாவது தடவை குளியலறையில் நாயை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே தானும் உட்கார்ந்து அழுதாள். உள்ளே அது சிணுங்கியது, வெளியே இவள். துரை மேலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"மெல்ல" என்பதுதான் அவள் சொன்ன ஒரே சொல். துரையின் பழைய துணியைக் குட்டியின் படுக்கையில் போட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுக்குமாகச் சோறு வைத்தாள், தினம் ஒரு சாண் கிட்டே நகர்த்தினாள். மூன்றாவது வாரம் துரை அலமாரியிலிருந்து நாற்காலிக்கு இறங்கியது. ஐந்தாவது வாரம் தரைக்கு. ஜிம்மி நடுங்கும், வாலை அடிக்கும், ஆனாலும் படுத்திருக்கும். "மெல்ல, மெல்ல" என்று யோகலட்சுமி நெத்திலி போடுவாள். கை முழுக்க நெத்திலி நாற்றம். ஃபெரியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஏழாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. துரை வெயிலில் சுருண்டு படுத்திருந்தது. ஜிம்மி தவழ்ந்து தவழ்ந்து போய் அதன் காதுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தது. யோகலட்சுமி அதைத் தூக்க எழுந்தாள். பல் தெரிந்தது. அடுத்து நாக்கு வந்தது. துரையின் காதை அது ஒருமுறை நக்கியது. பிறகு நெற்றியை. துரை கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தது.

யோகலட்சுமி ஒரு நெத்திலிக்குப் பதில் ஒரு கைப்பிடி போட்டாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் தனியாகச் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

ஜிம்மி மக்கு நாய் அல்ல. பூனையைக் கடித்தால் குளியலறை, பூனைப் பக்கத்தில் சும்மா படுத்தால் ஒரு நெத்திலி, பூனையை நக்கினால் கைநிறைய நெத்திலி. அதற்குக் கணக்கு விளங்கிவிட்டது. அன்று முதல் துரையைக் கண்டால் நக்கும். காலையில் நக்கும், ஆபீசிலிருந்து அவள் வந்ததும் ஓடிப்போய் அவள் கண்ணெதிரிலேயே நக்கிக் காட்டும். துரைக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வேலை மிச்சமாயிற்று. வயதான காலத்தில் துரைமார்களுக்கு வேலைக்காரன் கிடைத்தால் கசக்குமா? இரண்டும் ஒரே சாக்கில் படுத்தன. யோகலட்சுமி தினமும் துரையைத் தூக்கி, காது, வயிறு, கால் எல்லாம் தடவிப் பார்ப்பாள். ஒரு கீறல்கூட இல்லை. அமானிதம் பத்திரம்.

பீவி வியாழக்கிழமை வந்து இறங்கினாள். அன்று முழுக்க அந்த வீட்டில் உறவுக் கூட்டம். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, காலையில் யோகலட்சுமி துரையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வழியாகப் போனாள். பீவி வெயிலில் கறுத்து, மெலிந்து, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தாள். மக்காவிலிருந்து கொண்டுவந்த புது முசல்லாவை விரித்துத் தொழுகை முடித்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். துரையைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கி மடியில் வைத்து, தலையில் முகத்தைப் புதைத்து முத்தமிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"மூணு மாசமும் ஒன்னத்தான்டா நெனச்சேன். ஏன் யோகம், தலையெல்லாம் ஈரமா இருக்கு? குளிப்பாட்டுனியா?"

யோகலட்சுமி காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. தன் பாட்டைச் சொல்ல அவளுக்கும் ஒரு காது வேண்டாமா?

"குளிப்பாட்டல அக்கா, ஜிம்மி நக்கி விட்டது! தம்பி கொண்டாந்து விட்ட நாய்க்குட்டி. மொதல்ல காலப் பிடிச்சு இழுத்துச்சு, நான் பயந்தே போயிட்டேன். ரெண்டு மாசம் பழக்கினேன் அக்கா. இப்ப கடிக்கவே கடிக்காது. நக்கத்தான் செய்யும். தலை, காது, முதுகு, எல்லாம்..."

பீவியின் முகத்தைப் பார்த்ததும் வாய் நின்றது.

பீவி துரையை மெதுவாகத் தரையில் இறக்கினாள். ஈரமான கன்னத்தைத் துடைக்கத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தினாள். மடியைப் பார்த்தாள், வெள்ளை உடையைப் பார்த்தாள், புது முசல்லாவைப் பார்த்தாள்.

நாய் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. யோகலட்சுமிக்குத் தெரியாததா? ஜிம்மி வந்த நாளிலிருந்து அதைப் பொந்துப் பக்கம் விடாமல், பீவி வீட்டு வாசலில் கால் வைக்கவிடாமல், தான் அங்கே போகும் போதெல்லாம் குளித்து உடை மாற்றிப் போய்க் கதவைத் திறந்து காற்றாட விட்டுவந்தவள் அவள். நாய் சுவர் தாண்டக்கூடாது என்று பார்த்தாள். சுவர் தாண்டப் போகிறது பூனை என்று யோசிக்கவில்லை. மூன்று மாதமும் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கை மறந்துவிட்டாள். மறந்ததோடு நிற்காமல் நெத்திலி போட்டு வேறு வளர்த்தாள்.

"அக்கா, நான்..."

"தெரிஞ்சா செஞ்ச? உக்காராத, வா. உன் பூந்தொட்டியில இருந்து கொஞ்சம் மண்ணு எடுத்துட்டு வா. வாளியும் கொண்டா."

பின்கட்டுக் குழாயடியில் யோகலட்சுமி தண்ணீர் ஊற்ற, பீவி கழுவினாள். முதல் வாளியில் மண்ணைக் கரைத்தாள். பிறகு ஆறு வாளி. பதினோரு வருஷத்தில் மழையில் நனையாத துரை, பீவியின் முழங்கை வரைக்கும் கீறித் தள்ளியது. பிறகு முசல்லா, பிறகு உடை, பிறகு அவள் கை, முகம். அறுபத்துநாலு வயது முழங்காலை மடக்கி எழுந்திருக்க முடியாமல் பீவி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. திட்டியிருந்தால் யோகலட்சுமிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துரை பொந்து வழியாக வந்து ஜிம்மியின் சாக்கில் ஏறிப் படுத்தது. ஜிம்மி அதை உச்சி முதல் கால்வரை நக்கியது. மறுபடி ஏழு வாளி. பொந்தில் பலகை வைத்தார்கள், துரை சுவர்மேல் ஏறி வந்தது. மறுபடி ஏழு. கதவைச் சாத்தி வைத்தபோது நாள் முழுக்கக் கத்தியது, சோற்றைத் தொடவில்லை. பீவியின் கையெல்லாம் கீறல், தண்ணீரில் ஊறி விரல் சுருங்கியிருந்தது.

யோகலட்சுமி மறுபடி கயிற்றை எடுத்தாள். இந்தத் தடவை நக்கினால் குளியலறை. ஜிம்மி குளியலறையிலிருந்து வெளியே வந்து, தான் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்க்கும். எப்படியாவது அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று ஓடிப்போய் இன்னும் அதிகமாக நக்கும். கடிக்காதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள், அன்பாக இராதே என்று சொல்லிக் கொடுக்க அவளுக்கு மனசும் வரவில்லை, தெம்பும் இல்லை. நான்காம் நாள் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

சுப்பையாவிடம் சொன்னாள். அவர் மச்சான் சனிக்கிழமை லாரியில் தீவுக்கு வருகிறார், ஆறாவது நாயாகத் தோட்டத்தில் இருக்கட்டும் என்றார். சனிக்கிழமை காலையில் ஜிம்மியைக் கயிற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்சந்தில் யோகலட்சுமி லாரிக்குக் காத்து நின்றாள். ஜிம்மி உலாவப் போவதாக நினைத்து வாலை ஆட்டியது. அவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இதுவரை எத்தனையோ பேர் பொருளை எடுத்துப் போக வந்திருக்கிறார்கள், எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறைகூட இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டதில்லை.

பீவியின் பின்கதவு திறந்தது.

"நாயக் கூட்டிட்டு எங்கலா போற?"

"தாசேக் கெலுகோருக்கு அனுப்புறேன் அக்கா. உங்க துரை உங்ககிட்ட இருக்கட்டும்."

பீவி பதில் சொல்வதற்குள் அவள் காலைத் தாண்டித் துரை வெளியே வந்தது. சந்துப் பக்கமே வராத பூனை, சந்தின் ஈரத்தில் கால் வைத்து நடந்து வந்து, ஜிம்மியின் கயிற்றுக்குக் கீழே நுழைந்து அதன் முன்னங்காலில் முதுகைத் தேய்த்தது. ஜிம்மி அதன் தலையை நக்கியது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உள்ள கூட்டிட்டுப் போ" என்றாள் பீவி.

"அக்கா, உங்க அமானிதத்த நான் கெடுத்துட்டேன்."

"நான் உசுரோட வச்சிருன்னுதான் சொன்னேன். உசுரோட திருப்பிக் குடுத்துட்ட. உன்மேல பாக்கி ஒண்ணுமில்ல." பீவி கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு முடியலலா யோகம். அஞ்சு வேளை தொழுகணும், தினம் ஏழு வாளி என்னால ஆகாது. நாய அனுப்பிட்டா இது அழும். அழுவுறத மடியில வச்சிக்கிட்டு நான் என்ன சொகத்தக் காணப்போறேன்? உன் வீட்டுலயே இருக்கட்டும்."

வாழ்க்கையில் ஒருநாளும் கேட்காத கேள்வி யோகலட்சுமியின் வாயில் வந்துவிட்டது.

"கொஞ்ச நாளைக்கா அக்கா?"

"இல்ல. இனி அது உன் பூனை."

சொல்லிவிட்டுப் பீவி உள்ளே போனாள். லாரி வந்து ஹாரன் அடித்தது. யோகலட்சுமி கையை ஆட்டி அதைப் போகச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒன்று அவளுடையதாகி இருக்கிறது. அந்தச் சந்தோஷம் பீவியின் மடியிலிருந்து எடுத்தது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனாள்.

அன்று மாலை பொந்தில் வைத்திருந்த பலகை அகன்றது. துரையின் பழைய எனாமல் தட்டு வந்தது, அதில் மீன் தலை. அடுத்த நாளும் வந்தது. மறுவாரம் வெள்ளிக்கிழமை, தட்டில் மீனுக்குப் பதில் பால் சோறு.

தட்டை நீட்டியபின் பீவியின் கை கொஞ்ச நேரம் பொந்திலேயே இருக்கும். முன்பெல்லாம் துரை அந்தக் கையில் வந்து தலையை முட்டும், விரல்கள் அதன் காதுக்குப் பின்னால் சொறியும். இப்போதும் துரை வந்து கைக்கு எதிரே உட்காரும். விரல்கள் மடங்கும், விரியும், பிறகு சுவருக்குள் போய்விடும். அந்த நேரம் முழுக்க யோகலட்சுமி தரையில் உட்கார்ந்து ஜிம்மியின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பாள். துரை மேல் எச்சில் ஏற்கனவே இருக்கிறது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"துரை சாப்பிட்டானாலா?"

"சாப்பிட்டான் அக்கா" என்பாள் யோகலட்சுமி. துரை தட்டைத் தொடாமல் பொந்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நாள்களிலும் அதையேதான் சொன்னாள்.